பரோக் இசையைக் கீழிருந்து கேட்பது

கோட்டூர்புரத்தில் குடியிருக்கும் இசை ரசிகர் ஒருவருக்கு மார்கழி பிறந்தால் அடையாற்றுப் பாலத்தைக் கடப்பது ஒன்றுதான் வேலை. ஆழ்வார்பேட்டை, மயிலாப்பூர், தியாகராய நகர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் சபா உண்டு. காலையில் விரிவுரை, மதியம் இளையவர் கச்சேரி, மாலையில் பெரியவர் கச்சேரி என்று ஒரு நாளை முழுக்க நிரப்பிக்கொள்ளலாம். அதே ரசிகருக்கு பாக், ஹேண்டல், விவால்டி, பர்செல் ஆகியோரின் பரோக் இசையில், அதாவது ஏறத்தாழ 1600-க்கும் 1750-க்கும் இடையில் ஐரோப்பாவில் உருவான இசையில், ஆர்வம் பிறந்தால் நிலைமை வேறு. 1893-இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் ஹேண்டலின் ‘மெசையா’வைப் பாடியிருக்கிறது, வெளிநாட்டுக் குழுக்களும் எப்போதாவது வந்து போகின்றன. காதைப் பழக்கிக்கொள்ள அது போதாது. ஒலிப்பதிவுதான் வழி. அந்த ஒலிப்பதிவுகளோ இன்று ஆயிரக்கணக்கில் கைபேசியிலேயே கிடைக்கின்றன. எங்கே தொடங்குவது என்று கேட்பவருக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: புகழ்பெற்ற மெட்டுகளின் தொகுப்பு ஒன்றைப் போட்டுக் கேளுங்கள், பிடித்தால் மேலே போங்கள். இந்தப் பதில் தவறு என்பது என் கருத்து. தமிழ்க் காதுக்கு, அதிலும் கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு, இது குறிப்பாகத் தவறு. பரோக் இசைக்குள் நுழையும் வாசல் மேலே ஓடும் மெட்டில் இல்லை. அடியில் நடக்கும் கீழ்க்குரலில், இசைக்காரர்கள் ‘பேஸ்’ என்று சொல்லும் வரியில் இருக்கிறது.

காரணம் எளிது. நம் கச்சேரியில் தரை அசைவதில்லை. தம்புராவின் ஸட்ஜமும் பஞ்சமமும் தொடக்கம் முதல் மங்களம் வரை ஒரே இடத்தில் நிற்கின்றன. அந்த அசையாத தரைமேல் பாடகர் எவ்வளவு தூரம் போய் வந்தாலும் அவர் எங்கே இருக்கிறார் என்பது நமக்குத் தெரியும். அதனால் நம் கவனம் முழுவதும் மேலே ஓடும் ஒற்றை வரியில் குவிகிறது. அப்படிக் குவிவதுதான் சரியும்கூட. பரோக் இசையில் தரையே நடக்கிறது. செல்லோவும் ஹார்ப்சிகார்டின் இடக்கையும் வாசிக்கும் கீழ்க்குரல் ஒவ்வோர் அடியிலும் இடம் மாறுகிறது. அது மாற மாற, மேலே நீளும் ஒரே சுரத்தின் பொருளும் மாறிவிடுகிறது. நீண்டு ஒலிக்கும் ஒரு பஞ்சமம் அடுத்த நொடியில் வேறொரு ஸட்ஜத்துக்குக் காந்தாரமாகி நிற்கும். மேல்வரியை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்பவர் இந்த மாற்றத்தின் விளைவை உணர்வார், காரணத்தைத் தவறவிடுவார். ‘இனிமையாகத்தான் இருக்கிறது, ஆனால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது’ என்று புதிதாகக் கேட்பவர்கள் சொல்வதற்கு இதுவே அடிப்படை என்று நினைக்கிறேன்.

இந்தப் பழக்கம் தனிமனிதருடைய குறையல்ல. அதற்கு நீண்ட வரலாறு உண்டு. ஐரோப்பிய இசை சென்னைக்கு வந்தபோதெல்லாம் நாம் அதன் மேல்வரியைத்தான் எடுத்துக்கொண்டோம். கோட்டையில் வாசிக்கப்பட்ட பேண்டு மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் சம்ஸ்கிருத சாகித்தியம் செய்தார். நொட்டுஸ்வரம் என்று நாம் சொல்லும் அந்தச் சிறிய பாட்டுகள் இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லித் தரப்படுகின்றன. அவற்றில் மெட்டு அப்படியே சங்கராபரணச் சுரங்களில் வந்து உட்கார்ந்துகொண்டது. பேண்டில் அந்த மெட்டுக்கு அடியில் ஓடியிருக்கக்கூடிய கீழ்க்குரல் வரவில்லை, அதன் இடத்தைத் தம்புரா எடுத்துக்கொண்டது. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கற்றார். அந்தக் கருவியும் நம் சுருதிக்குத் திருப்பிக் கட்டப்பட்டு, குரலைப் பின்தொடரும் கருவியாக மாறியது. பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் அதன் ஐரோப்பியப் பழக்கம் விடுபட்டது. இவற்றை இழப்பு என்று சொல்ல மாட்டேன். நமக்கு வேண்டியதை நாம் எடுத்தோம்; வயலின் இல்லாத கர்நாடக இசையை இன்று எண்ணிப் பார்க்கவே முடியாது. ஆனால், சென்னையின் தேவாலயப் பாடகர் குழுக்களில் நாலு குரலில் பாடிப் பழகியவர்களைத் தவிர, ஏனையோருக்கு அடியில் நடக்கும் வரியைத் தனியாகக் கேட்கும் பயிற்சி நூறாண்டுகளுக்கு மேலாகக் கிடைக்கவே இல்லை.

பிறகு அது கிடைத்தது, எதிர்பாராத இடத்திலிருந்து. மயிலாப்பூரில் சாய் லாட்ஜில் தங்கியிருந்த தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர் இளையராஜா. அவருடைய திரைப்பாட்டுகளில் பேஸ் கிட்டார் வெறும் தாளத்துக்கு ஊன்றுகோலாக நிற்பதில்லை. பாடகரோடு எதிர்ப்பேச்சு பேசிக்கொண்டே போகிறது. ‘மூடுபனி’ (1980) படத்தில் யேசுதாஸ் பாடிய நிலாப் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பேஸ் வரியை மட்டும் வாயால் முனகிக் காட்டக்கூடியவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். இரண்டு வரிகள் ஒரே நேரத்தில் தத்தம் வழியில் நடப்பதைக் கேட்கும் திறன் நம்மிடம் ஏற்கெனவே உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. சபாவில் கேட்கும் காதையும் டீக்கடை வானொலியில் கேட்ட காதையும் நாம் தனித்தனியாக வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். பரோக் இசைக்கு இரண்டாவது காதைக் கொண்டுபோக வேண்டும்.

எனவே முதலில் எடுக்க வேண்டியவை, ஒரே கீழ்க்குரல் திரும்பத் திரும்ப வரும் படைப்புகள். பரோக் காலத்தில் இது மிகவும் விரும்பப்பட்ட வடிவம். பாகெல்பெலின் கானனை எல்லோரும் திருமண மண்டபத்திலோ விளம்பரத்திலோ கேட்டிருப்பார்கள். அதன் அடியில் எட்டே சுரங்கள்: ஸ ப த க ம ஸ ம ப, சங்கராபரணத்தில். இந்த எட்டும் மாறாமல் 28 முறை வருகின்றன. மேலே மூன்று வயலின்கள் ஒரே மெட்டை, ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளி விட்டு வாசிக்கின்றன. எட்டுச் சுரத்தையும் வாயால் பாடியபடி, விரலால் எண்ணியபடி இதைக் கேட்டால், பழகிச் சலித்த அந்தப் பாட்டு வேறொன்றாகிவிடும். ஒரே ஒலிப்பதிவோடு நிறுத்தவும் கூடாது. ழான்-பிரான்சுவா பாய்யார் 1968-இல் செய்த பதிவுதான் இந்தப் படைப்பை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அது விளம்ப காலத்தில், நிறைய வயலின்களோடு ஏழு நிமிடம் போகிறது. ரைன்ஹார்ட் கோபலின் மியூசிகா ஆன்ட்டிகுவா கோல்ன் குழு பழைய கருவிகளில் வாசித்த பதிவு மூன்று நிமிடத்தை ஒட்டியே முடிந்துவிடுகிறது. சுரம் அதே, எண்ணிக்கை அதே. ஒன்று தியானம், மற்றது நடனம். ஒரு கீர்த்தனையை இரண்டு பாணிகளில் கேட்டு ஒப்பிடுவது நமக்குப் புதிதல்ல. அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்தால், பத்து விதப் பாட்டுகளின் தொகுப்பு தராத தெளிவை ஒரே பாட்டின் இரண்டு பதிவுகள் தந்துவிடும்.

அடுத்தது பர்செலின் ‘டைடோ அண்ட் ஈனியாஸ்’ (ஏறத்தாழ 1689) நாடக இசையின் இறுதியில் டைடோ அரசி பாடும் புலம்பல். ஜேனட் பேக்கர் 1961-இல் பாடிய பதிவு நல்ல தொடக்கம். இதன் கீழ்க்குரல் மேல் ஸட்ஜத்தில் தொடங்கி, காகலி நிஷாதம், கைசிகி நிஷாதம், சதுச்ருதி தைவதம், சுத்த தைவதம் என்று ஒவ்வோர் அரைப்படியாக இறங்கிப் பஞ்சமத்தில் வந்து நின்று, பிறகு க ம ப ஸ என்று முடிகிறது. இரண்டு நிஷாதமும் இரண்டு தைவதமும் அடுத்தடுத்து வரும் இந்த இறக்கத்தை நம் ராக இலக்கணம் சாதாரணமாக அனுமதிக்காது. அதனாலேயே நம் காது அதை உடனே கவனிக்கும். மூன்று எண்ணிக்கை கொண்ட ஐந்து பகுதிகள், ஆக 15 எண்ணிக்கை. இதுதான் அதன் ஆவர்த்தனம். 11 முறை வருகிறது. இதைக் கையால் போட்டுக்கொண்டு டைடோவின் குரலைக் கேட்க வேண்டும். அவள் பாடும் வாக்கியங்களில் பல ஆவர்த்தனத்தோடு சேர்ந்து தொடங்குவதும் இல்லை, சேர்ந்து முடிவதும் இல்லை. கீழே வட்டம் முடிந்து மறுபடி தொடங்கிவிட்டது, அவளுக்கோ இன்னும் சொல்லி முடியவில்லை. சமத்தைத் தாண்டி எடுப்பு வைப்பதன் சுவை தெரிந்த ரசிகருக்கு, இந்தத் துக்கம் எங்கிருந்து வருகிறது என்று விளக்கவே வேண்டியதில்லை. மேல்வரியை மட்டும் கேட்டால் இது ஓர் அழகான சோகப் பாட்டு. கீழ்வரியோடு கேட்டால், நிற்காமல் நடக்கும் ஒன்றின்மேல் நின்று பேச முயலும் ஒரு பெண்ணின் குரல்.

இங்கிருந்து பாக்கின் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸுக்குப் (1741) போவது எளிது, ஏனென்றால் அதன் முதல் எட்டு அடிகளின் கீழ்க்குரல் எலும்புக்கூடு ஸ நி த ப க ம ப ஸ. பர்செலின் புலம்பலில் இடையில் நிரப்பிய அரைப்படிகளை எடுத்துவிட்டுச் சங்கராபரணத்தில் வைத்தால் இதுதான். ஹேண்டலும் இதே எட்டுச் சுரத்தின்மேல் 62 வேரியேஷன்கள் எழுதியிருக்கிறார். பாக்கின் படைப்பு 32 அடிக் கீழ்க்குரல் ஒன்றை எடுத்து 30 விதமாக மேலே கட்டுகிறது. முன்னும் பின்னும் ஓர் ஆரியா. கடைசியைத் தவிர, ஒவ்வொரு மூன்றாவது வேரியேஷனும் ஒரு கானன். அவற்றில் முதலாவதில் இரண்டு குரலும் ஒரே சுரத்தில் தொடங்கும், அடுத்ததில் ஒரு சுரம் தள்ளி, அதற்கடுத்ததில் இன்னும் ஒன்று தள்ளி, இப்படியே ஒன்பது வரை போகிறது. முப்பதையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டியதில்லை. ஆரியாவையும் முதல் வேரியேஷனையும் கேட்டு, எட்டுச் சுரமும் இரண்டிலும் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று கண்டுகொண்டால் ஒரு மாலைக்குப் போதும். கிளென் கூல்டு பியானோவில் 1955-இல் செய்த பதிவு 38 நிமிடத்தில் பறக்கிறது. அவரே 1981-இல் செய்தது 51 நிமிடம். ஹார்ப்சிகார்டில் கேட்க விரும்புபவருக்கு வாண்டா லண்டோவ்ஸ்காவின் 1933-ஆம் ஆண்டுப் பதிவும், பிற்காலத்தில் குஸ்தவ் லியோன்ஹார்ட், டிரெவர் பின்னாக் ஆகியோருடைய பதிவுகளும் உண்டு. புதிதாகக் கேட்பவருக்கு நான் கூல்டின் இரண்டாவது பதிவையே சொல்வேன். அவருடைய இடக்கை ஒவ்வொரு சுரத்தையும் தனித்து எழுப்புகிறது. கீழ்க்குரலைத் தேட வேண்டிய அவசியமே இல்லை.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வலுவானது ஒன்று. கீழ்க்குரலே இல்லாத பரோக் படைப்புகளும் உண்டு, அவை அந்தக் காலத்தின் உச்சங்களுள் சேர்ந்தவை. தனி வயலினுக்கும் தனி செல்லோவுக்கும் பாக் எழுதியவற்றில் ஒரே கருவிதான் இருக்கிறது. ஒற்றை வரி கேட்டுப் பழகிய நாம் அங்கேயே தொடங்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். இதற்குப் பதிலைப் பாக்கே வைத்திருக்கிறார். தனி வயலினுக்கான மூன்றாம் பார்ட்டீட்டாவின் முதல் பகுதியை, ‘பிரெலூடியோ’வை, அவர் 1731-இல் லைப்சிக் நகரமன்றப் பதவியேற்புக்கு எழுதிய 29-ஆம் கான்டாட்டாவின் தொடக்கத்தில் மறுபடி பயன்படுத்தினார். வயலின் வரியை ஆர்கன் வாசிக்கிறது. சுற்றிலும் டிரம்பெட்டுகள், பேரிகை, வயலின்கள், அடியில் முழுக் கீழ்க்குரல். தனி வயலின் வாசித்தபோது அவர் மனத்தில் ஒலித்துக்கொண்டிருந்த மற்ற வரிகள் எவை என்பதற்கு அவருடைய கையெழுத்திலேயே கிடைத்த விடை அது. முதலில் கான்டாட்டாவையும் பிறகு தனி வயலினையும் கேட்டால், அந்த ஒற்றை வயலின் கீழே தாவித் தொட்டுவிட்டு வரும் சுரங்கள்தான் கீழ்க்குரல் என்பது புரிந்துவிடும். தமிழருக்கு மூன்றாவதாக ஒரு பதிவும் உண்டு. இளையராஜா 1986-இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்?’ தொகுப்பை தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பித்தார். அதில் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்ற பகுதியில் வி. எஸ். நரசிம்மன் வாசிப்பது இதே பிரெலூடியோவைத்தான். பாக் லைப்சிக்கில் அடியில் வைத்ததும், இளையராஜா சென்னையில் அடியிலும் பக்கத்திலும் வைத்ததும் வேறு வேறு. அந்த வேறுபாட்டைக் கேட்கத் தெரிந்துகொள்வது, எந்தப் பாடப்புத்தகமும் தராத பயிற்சி.

அந்தத் தொகுப்பில் ஒரு பகுதிக்கு ‘டோன்ட் கம்பேர்’, ஒப்பிடாதே, என்று பெயர். அடுத்த ஆட்சேபத்துக்கு அது பொருத்தமாக இருக்கிறது. கர்நாடக இசையும் பரோக்கும் உறவினர்கள், இரண்டிலும் மனோதர்மம் உண்டு, அலங்காரச் சுரங்கள் உண்டு, ஆகவே ராகம் கேட்பதுபோலவே கேட்டால் போதும் என்பார்கள். பாக்கையும் தியாகராஜரையும் சமகாலத்தவர்போலப் பேசுவதும் வழக்கமாகிவிட்டது. பாக் 1750-இல் இறந்தார், தியாகராஜர் பிறந்தது 1767-இல். உறவு இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் ராகத்தைத் தேடிப் போனால் பாதி வழியில் ஏமாற்றம் வரும். பாக்கின் ஐந்தாம் பிராண்டன்பர்க் கான்சர்ட்டோவின் (1721) முதல் பகுதி தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஸட்ஜம் பஞ்சமத்துக்குப் பெயர்ந்துவிடுகிறது. தம்புராவை மனத்தில் மீட்டிக்கொண்டு கேட்பவருக்கு இது சுருதி பிசகியதுபோல் இருக்கும். கீழ்க்குரலைப் பிடித்துக்கொண்டவருக்கு, யாரோ கையைப் பிடித்து அடுத்த அறைக்கு அழைத்துப்போனதுபோல் இருக்கும். மனோதர்மத்தைத் தேடுவதானாலும் அதுவும் கீழேதான் இருக்கிறது. அந்தக் காலத்தில் உடன் வாசிக்கும் ஹார்ப்சிகார்டுக்காரருக்குக் கொடுக்கப்பட்டது கீழ்க்குரல் வரியும் அதன்மேல் சில எண்களும் மட்டுமே. எண்ணைப் பார்த்து, எந்தச் சுரங்களை எப்படி நிரப்புவது என்பதை அவரே அந்த நேரத்தில் தீர்மானித்தார். ஒரே கான்சர்ட்டோவின் இரண்டு பதிவுகளில் ஹார்ப்சிகார்டு வேறு வேறாக ஒலிப்பது இதனால்தான்.

இதிலிருந்தே எந்த வகைப் பதிவை வாங்குவது என்ற கேள்விக்கும் விடை வருகிறது. 1950-களிலிருந்து நிகோலஸ் ஹார்னன்கூர்ட், லியோன்ஹார்ட் முதலானோர் பழைய கருவிகளையும் பழைய வாசிப்பு முறைகளையும் மீட்டெடுத்தார்கள். உலோகத்துக்குப் பதில் நரம்புத் தந்தி, பெரிய வாத்தியக் குழுவுக்குப் பதில் பத்துப் பதினைந்து பேர், 440-க்குப் பதில் 415 ஹெர்ட்ஸ் சுருதி, அதாவது நம் கணக்கில் அரைக்கட்டை குறைவு. இது வெறும் பழமைவாதம் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். நூறு பேர் வாசிக்கும் நிறைவு இதில் இல்லை என்பதும் உண்மைதான். தூய்மை பற்றிய வாதத்தில் எனக்கு அக்கறை இல்லை. ஆட்கள் குறைந்தால் அடிவரி தெளிவாகக் கேட்கிறது. புதிதாகக் கேட்பவருக்கு அந்த ஒரு காரணமே போதும். மசாக்கி சுசுக்கி 1990-இல் ஜப்பானில் தொடங்கிய பாக் கொலீஜியம் குழு, பாக்கின் தேவாலயக் கான்டாட்டாக்கள் முழுவதையும் பதிவு செய்திருக்கிறது. ஆசியாவில் இருந்துகொண்டே இந்த இசையை அதன் வேர்வரை கற்றுக்கொள்ள முடியும் என்பதற்கு அது சாட்சி. நெதர்லாந்து பாக் சொசைட்டி பாக்கின் படைப்புகளை ஒவ்வொன்றாகக் காணொளியாக இலவசமாகத் தருகிறது. செல்லோக்காரரின் கையைப் பார்த்துக்கொண்டே கேட்பது தொடக்கத்தில் மிகவும் உதவும். ஒரு நடைமுறைச் செய்தியையும் சொல்லியாக வேண்டும். கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் கீழ்ச்சுரங்கள் சரியாக எழுவதில்லை. நல்ல காதுக்கருவி ஒன்று இல்லாமல் இந்தக் கட்டுரை சொல்லும் எதையும் முயன்று பயனில்லை.

இவ்வளவு கவனித்துத்தான் கேட்க வேண்டுமா, இசை என்பது அனுபவிக்கத்தானே என்று கேட்பவர் உண்டு. கச்சேரியில் தொடையில் தாளம் போடுகிறவர் அனுபவிக்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை. கவனம் ரசனைக்குப் பகை என்பது நம் மரபு ஒருபோதும் ஏற்காத கருத்து.

கடைசியாக, தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியாமலே ஏற்கெனவே திறந்திருக்கும் ஒரு வாசல். 1706 பிப்ரவரியில் ஜெர்மனியின் ஆர்ன்ஸ்டாட் நகரத் திருச்சபையார், தங்கள் இளம் ஆர்கன் கலைஞரைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். சபையார் பாடும் ஞானப்பாட்டுகளுக்கு அவர் விசித்திரமான சுரங்களைக் கலக்கிறார், பாடுகிறவர்கள் குழம்புகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்தக் கலைஞர் 20 வயது பாக். அதே ஆண்டு ஜூலையில் லுத்தரன் போதகர் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவர் வழி வந்த லுத்தரன் திருச்சபையில், பின்னர் சென்னை வேப்பேரியில் வாழ்ந்து 1791-இல் இறந்த பப்ரிசியுஸ் போன்றோரின் மொழிபெயர்ப்பில், அதே ஜெர்மன் மெட்டுகள் தமிழ்ச் சொற்களோடு பாடப்படலாயின, இன்றும் பாடப்படுகின்றன. ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் 1601-இல் காதல் பாட்டுக்காக இயற்றிய, பிறகு சிலுவைப்பாட்டின் மெட்டான ஒன்று அவற்றுள் முக்கியமானது. புனித வாரத்தில் தமிழ்த் திருச்சபைகளில் அதைக் கேட்கலாம். பாக் தம் ‘மாத்யூ பாஷ’னில் (1727) இந்த மெட்டை ஐந்து முறை கொண்டுவருகிறார். மூன்று மணி நேரம் நீளும் அந்தப் படைப்பை முழுவதும் கேட்கும் முன், இந்த ஐந்து இடங்களை மட்டும் தனியாக எடுத்துக் கேட்கலாம். மேல்வரி ஐந்திலும் ஏறத்தாழ அதேதான், சபையில் யாரும் கூடவே பாடிவிடலாம். முதல் இரண்டும் ஒரே இசைக்கோப்பு, இரண்டாவது அரைக்கட்டை கீழே. அதன் பிறகு கீழ்க்குரலும் இடைக்குரல்களும் இடத்துக்கு இடம் மாறுகின்றன. கடைசியாக, இயேசு இறந்த உடனே வரும் ஐந்தாவதில், அடிவரி அரைப்படிகளில் நகர்ந்து, மற்ற நான்கிலும் இல்லாத சுரங்களைத் தொட்டு, எந்த ஸட்ஜத்திலும் முழுதாக அமராமல் முடிகிறது. ஆர்ன்ஸ்டாட் சபையார் எதைப் பற்றிக் குறைபட்டார்களோ, அதைத்தான் பாக் 21 ஆண்டுகள் கழித்தும் செய்துகொண்டிருந்தார்.